கோழிக்கு ஒரு காற்றுச் சோதனை

நான் ஓவர்சியராக இருந்த பேரூராட்சியின் பெயரைச் சொல்லமாட்டேன். நாமக்கல்லிலிருந்து சேலம் போகிற ரோட்டில் இருக்கிறது என்பதோடு விட்டுவிடுகிறேன். பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள். கோழி விஷயத்தில் அவர்களுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அதற்கு முன்னால் ஆத்தூர்ப் பக்கம் வேலை. அங்கே ஒரு தையல்காரர் தன் கடைக்கு மேலே எட்டு அடி நீளத்தில் ஒரு தகரக் கத்தரிக்கோலை மாட்டினார். கடைப் பலகைகளுக்கு அனுமதி கொடுப்பது என் வேலை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். பதினொன்றாம் நாள் ஐப்பசி மழையோடு வந்த காற்றில் அது கழன்று, முனை கீழாக இறங்கி, என் மேலதிகாரியின் ஜீப் பானெட்டில் குத்தி நின்றது. நல்லவேளை, அவர் உள்ளே இல்லை. எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஜீப்பில் கத்தரிக்கோல் ஆடியது, அவர் கையில் டம்ளர் ஆடியது. இரண்டும் ஆடி முடிக்க வெகுநேரம் ஆனது.

எனக்கு ஒரு மெமோ கொடுத்து இடம் மாற்றினார்கள். 'தங்கள் கையெழுத்தில் உள்ள பலகை இனி ஒன்று விழுந்தாலும் தாங்கள் பணிநீக்கம் செய்யப்படுவீர்கள்' என்பது அதன் சாரம். அந்த மெமோவை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். சட்டை துவைக்கும்போது என் மனைவி கமலவேணி அதை எடுத்து உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, அப்புறம் மறுபடி பையில் போட்டுவிடுவாள். எங்களுக்கு வேறு வருமானம் கிடையாது. வேலை போனால் சாமான்களைக் கட்டிக்கொண்டு மாமனார் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். அந்த மனிதரும் ஒரு காலத்தில் என்னைக் கத்தரி மாப்பிள்ளை என்று கூப்பிட்டவர்.

அன்றிலிருந்து எந்தக் கடைப் பலகையின் கீழும் நான் நடந்ததில்லை. நடு ரோட்டில்தான் நடப்பேன். கடைவீதிக்குப் போனால் கமலவேணி கடை ஓரமாக நிழலில் போவாள், நான் பஸ்ஸுக்கும் மாட்டு வண்டிக்கும் நடுவே போவேன். கத்தரிக்காய் வாங்கலாமா வேண்டாமா என்பதைக்கூட ரோட்டின் இரண்டு பக்கத்திலிருந்தும் கத்தித்தான் பேசிக்கொள்வோம். ஊரே கேட்கும். ஊரே பதிலும் சொல்லும்.

ஒரே ஒரு விதிவிலக்கு, ஊர் எல்லையில் பேரூராட்சியே கட்டிய நல்வரவு வளைவு. நான் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த முதல் வாரம் அதன் கோப்பு என் மேஜைக்கு வந்தது. அகலம் பதினெட்டு அடி, அஸ்திவாரம் நான்கு அடி ஆழம் என்று எழுதியிருந்தது. கட்டியவர் எங்கள் செயல் அலுவலரின் மச்சான். செயல் அலுவலர் தன் பேனாவையே திறந்து நீட்டினார். மேலதிகாரி பேனா நீட்டும்போது டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்துவிட்டு வருகிறேன் என்று சொல்கிற தைரியம் எனக்கு அன்று இல்லை. போட்டேன். வளைவின் மேல் பலகையில் 'தங்கள் வரவு நல்வரவாகுக' என்று பெரிதாக எழுதி, கீழே 'மேற்பார்வை: ஓவர்சியர் மணியன்' என்று என் பெயரையும் எழுதிவிட்டார்கள். அதன் கீழே மட்டும் நான் நிமிர்ந்து நடப்பேன். அரசாங்கத்து வளைவு விழுமா என்று ஒரு நம்பிக்கை.

இப்படி இருக்கும்போதுதான், எண்பத்து மூன்றாம் வருஷம் ஆனி மாதப் பிறப்பில், வெள்ளியங்கிரி கவுண்டர் ஒரு மஞ்சள் பையோடு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்க ஓவர்சியரே, கோழிக்கு ஒரு கையெழுத்து வேணுமுங்க."

மூவாயிரம் கோழி வளர்க்கிற பண்ணைக்காரர். பஸ் ஸ்டாண்டு முனையில் கோழித்தீவனக் கடை கட்டியிருந்தார். கடைக்கு மேலே பலகை வேண்டாம், கோழியே நிற்கட்டும் என்று முடிவு செய்துவிட்டார். பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து விரித்தார். பத்து அடி உயரம், அலகிலிருந்து வால் வரை பதின்மூன்று அடி. கண்ணுக்கு இமை மயிர்கூட வரைந்திருந்தது.

"எங்கூட்டுக்காரி வசந்தாமணி வளத்த கோழியைப் பாத்து வரைஞ்சதுங்க. மொகம் அப்படியே அதுதான்" என்றார்.

"முகம் இருக்கட்டும். காத்து அடிச்சா விழுமே" என்றேன்.

"கோழி எங்காச்சும் விழுமுங்களா?"

உறுதிச் சான்று இல்லாமல் கையெழுத்து இல்லை என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். நாலாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் வந்து, என் டிபன் பாக்ஸுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"ஆனி இருபத்தாறுல கடை தொறப்புங்க. அதை உட்டா ஆடி. ஆடியில நாங்க கடை தொறக்க மாட்டோமுங்க. ஒரு மாசத் தீவனமும் மக்கிப் போயிரும். சாமி, எனக்கு நாலு நாளாச் சோறே எறங்குலீங்க" என்றார். அப்படிச் சொல்லிக்கொண்டே என் டிபனிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்துக்கொண்டார்.

மனுஷனைத் தட்டிக்கழிக்க எனக்கு ஒரு வழி தோன்றியது. "மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்துல காத்து அடிச்சாலும் கோழி அசையாதுன்னு நிரூபிச்சுக் காட்டுங்க. கையெழுத்துப் போடறேன்" என்றேன். அறுபது என்பது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் வாயில் வந்த எண் அது. இந்தச் சமவெளியில் அந்த வேகத்துக் காற்றை எங்கே போய்ப் பிடித்து வருவார், இதோடு தொலைந்தார் என்று நினைத்தேன்.

மாலையே ஜான் பாஷா வந்துவிட்டார்.

ஜான் பாஷா லாரிக்குப் பாடி கட்டுகிறவர். வளைவுக்கு வெளியே ஒரு மைல் தள்ளி சேலம் ரோட்டில் அவர் பட்டறை. கோழியைச் செய்தது அவர்தான். நாற்பது வருஷமாக லாரி தவிர வேறு எதுவும் செய்யாத மனிதர். தொப்பியைச் சரிசெய்துகொண்டு கேட்டார், "ஓவர்சியர் சார், அறுபது கிலோமீட்டர்ல காத்து வந்து கோழி மேல மோதுனாலும், அறுபது கிலோமீட்டர்ல கோழி போயிக் காத்து மேல மோதுனாலும் ஒண்ணுதானுங்களே?"

எனக்கு டிப்ளமா கொடுத்தவர்கள் இதற்கு மறுப்புச் சொல்லித்தரவில்லை. ஒன்றுதான் என்று ஒப்புக்கொண்டேன்.

"அப்பக் கோழியை வண்டியில ஏத்தி ஓட்டிக் காட்டறோம். நீங்களும் கூட வாங்க."

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பட்டறைக்குப் போனேன். மரத்தில் ஒரு இலை அசையவில்லை, சோதனைக்கு ஏற்ற நாள். கோழியை அப்போதுதான் நேரில் பார்க்கிறேன். ஆங்கிள் இரும்பில் கூடு, மேலே தகரம், வெள்ளைப் பெயின்ட், சிவப்புக் கொண்டை. அது வரைக்கும் சரி. ஆனால் விலாவில் தார்ப்பாய் கட்டுகிற கொக்கிகள் வரிசையாக இருந்தன. இரண்டு காலுக்கும் பின்னால் ரப்பர் மட்கார்டு தொங்கியது. வாலின் கீழே இரண்டு சிவப்பு ரிஃப்ளெக்டர், நடுவே அழகான கையெழுத்தில் 'ஒலி எழுப்பவும்'.

"பாய், கோழிக்கு எதுக்கு மட்கார்டு?"

"மட்கார்டு இல்லாம என் பட்டறையை உட்டு ஒரு சாமானும் வெளிய போனதில்லீங்க" என்றார். குரலில் அத்தனை கௌரவம்.

கோழியை ஏற்றியிருந்தது பாடி கட்டாத வெறும் சேஸில். இஞ்சின், சக்கரம், ஸ்டீயரிங், அவ்வளவுதான். கதவு கிடையாது, கூரை கிடையாது, முன் கண்ணாடி கிடையாது. சேலம் செவ்வாய்ப்பேட்டை மளிகை வியாபாரி ஒருவர் பாடி கட்ட விட்டுவிட்டுப் போன வண்டி அது. தன் புது லாரியின் முதல் சவாரி யார் என்பது அந்தப் புண்ணியவானுக்குக் கடைசிவரை தெரியாது. கோழியின் கால்களைச் சேஸோடு இறுக்கியிருந்தது பெரிய யூ-போல்ட்டுகள். கடை மாடியின் உத்திரத்திலும் இதே போல்ட்டுகள்தான் வரப்போகின்றன என்றார் ஜான் பாஷா. அந்த ஒரு பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

டிரைவர் மயில்சாமி ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். வெறும் சேஸ் ஓட்டுகிறவர்கள் வழக்கப்படி காது, வாய், மூக்கு எல்லாவற்றையும் துண்டால் சுற்றிக் கட்டி, கண்ணுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். அவன் பக்கத்தில் குறுக்கே கட்டிய பலகையில் நான், எனக்கு இந்தப் பக்கம் ஜான் பாஷா, அந்தப் பக்கம் கவுண்டர். எனக்குத் துண்டு கொண்டுவரத் தோன்றவில்லை.

வண்டி கிளம்பியது. முப்பதில் என் தலைமுடி பின்னால் போனது. நாற்பதில் கண்ணில் தண்ணீர் வந்தது. ஐம்பதில் வாயைத் திறந்தேன், மூடமுடியவில்லை. அறுபதில் திரும்பிப் பார்த்தேன். கோழி இமைகூட ஆட்டவில்லை. அலகை நீட்டிக்கொண்டு சேலத்தைப் பார்த்து நின்றது. எதிரே வந்த டவுன் பஸ் டிரைவர் தன்னையறியாமல் ஓரம் கட்டி வழிவிட்டார்.

பட்டறைக்குத் திரும்பியதும் கவுண்டர் என் முன்னால் காகிதத்தை நீட்டினார். நான் பேனாவையும் திறந்துவிட்டேன். அப்போது ஒரு சந்தேகம் வந்தது.

"கடை மேல கோழி எந்தப் பக்கம் பாத்து நிக்கும்?"

"வடக்கே பாத்துங்க. சேலத்துல இருந்து வாரவன் எங் கோழி மூஞ்சியிலதான் முழிக்கோணும்."

"ஆடிக் காத்து எங்கிருந்து வரும்?"

"மேக்க இருந்துங்க."

"அப்போ காத்து மூஞ்சியில அடிக்காது. விலாவுலதான் அடிக்கும்."

ஜான் பாஷா கோழியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், மறுபடி கோழியைப் பார்த்தார். "சார், எனக்குக் காத்துன்னா முன்னால இருந்துதானுங்க வரும். நாப்பது வருசமா வண்டி. காத்து சைடுல வருமுன்னு நெனச்சே பாக்குலீங்க" என்றார். முட்டுக் கம்பிகள் எல்லாவற்றையும் அவர் முன்னும் பின்னுமாகவே கொடுத்திருந்தார். குறுக்கே ஒன்றுகூட இல்லை. விலாவில் கை வைத்துத் தள்ளினேன். கோழி ஒரு பக்கமாக அசைந்துகொடுத்தது. பேனாவை மூடிப் பைக்குள் வைத்து, அது மெமோவோடு இருக்கிறதா என்று தொட்டும் பார்த்துக்கொண்டேன்.

கவுண்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஜான் பாஷா உட்காரவில்லை. இரண்டு நாள் பட்டறையில் வேறு வேலையே நடக்கவில்லை. குறுக்கே எக்ஸ் மாதிரி நான்கு முட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு போல்ட்டுக்கும் இரட்டை நட்டு. நான் பக்கத்தில் நின்று, விலாவிலும் வாலிலும் இறகு வரைந்திருந்த இடங்களில் காற்றுப் புகுந்து போக ஓட்டைகள் வெட்டச் சொன்னேன். வெட்டியதும் கோழிக்குக் களை கூடியது என்று மயில்சாமிகூடச் சொன்னான். உண்மையைச் சொல்கிறேன், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை.

மூன்றாம் நாள் கோழியைச் சேஸின் மேல் குறுக்காக நிறுத்தினோம். அலகு இந்தப் பக்கம் வண்டிக்கு வெளியே, வால் அந்தப் பக்கம் வண்டிக்கு வெளியே. சட்டப்படி அலகில் ஒரு சிவப்புத் துணியும் வாலில் ஒரு சிவப்புத் துணியும் கட்டினோம். இம்முறை நானும் துண்டு கொண்டுபோயிருந்தேன்.

ஒரு மைல் போவதற்குள் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வண்டியில என்ன லோடு?"

"காலி வண்டிங்க" என்றான் மயில்சாமி, துண்டுக்குள்ளிருந்து.

"அப்ப அது?"

"அது லோடு இல்லீங்க. கவருமென்ட்டு டெஸ்ட்டுங்க. பாருங்க, ஓவர்சியரே ஒக்காந்திருக்காரு."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். அப்புறம் கோழியின் பின்பக்கம் போய், வாலின் கீழே இருந்த எழுத்தைப் படித்துவிட்டு வந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று சல்யூட் அடித்து அனுப்பினார்.

ஐம்பதைத் தாண்டியபோது டிக் டிக் என்று ஒரு சத்தம். ஏதோ நட்டு கழல்கிறது. ஜான் பாஷாவின் தொடையைப் பிடித்து அழுத்தினேன். அவரும் காது கொடுத்துக் கேட்டார். கவுண்டர் குலதெய்வத்தைக் கூப்பிட்டார். அது என் பல் அடித்துக்கொள்கிற சத்தம் என்று கண்டுபிடிக்க அரை மைல் ஆனது. பல்லைக் கடித்துக்கொண்டேன், சத்தம் நின்றது. வண்டி அறுபதில் ஓடியது. காற்று முழுசாகக் கோழியின் விலாவில் அடித்து, ஓட்டைகள் வழியாக விசிலடித்துக்கொண்டு போனது. கோழி அசையவில்லை.

என் மேல் மூன்று வருஷமாக உட்கார்ந்திருந்த கத்தரிக்கோல் அப்போதுதான் இறங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, காற்றால் இல்லை. திரும்பி வரும்போது ஓடுகிற வண்டியிலேயே, ஜான் பாஷாவின் முதுகில் காகிதத்தை வைத்து முழுக் கையெழுத்துப் போட்டேன். பட்டறை வாசல் வந்ததும் மயில்சாமி வண்டியைத் திருப்பப் போனான்.

"எதுக்குத் திருப்பறே? நேரா கடைக்கே விடு. இன்னைக்கே ஏத்திரலாம்" என்றேன். அந்த வார்த்தையைச் சொன்னது நான்தான், வேறு யாரும் இல்லை.

ஜான் பாஷா தயங்கினார். "கோழி குறுக்க நிக்குதுங்களே சார். வளைவுல போகுமுங்களா?"

"கோழி பதிமூணு அடி. வளைவு பதினெட்டு அடி. கோப்புல இருக்கு, நானே கையெழுத்துப் போட்டது" என்றேன்.

மயில்சாமி வளைவுக்கு வந்தபோது வண்டி மெதுவாகத்தான் போனது. பக்கத்தில் ஒரு ஆடு எங்களை முந்திக்கொண்டு போனது, அவ்வளவு மெதுவாக. அலகு இந்தப் பக்கத் தூணுக்கு உள்ளே போனது. வால் அந்தப் பக்கத் தூணை லேசாகத் தொட்டது. இடிக்கவில்லை. தொட்டது.

தூண் நகர்ந்தது. தூண் என்றால் நிற்க வேண்டும் அல்லவா? அது அடியோடு சறுக்கிக்கொண்டு போய்ச் சாக்கடை ஓரம் சாய்ந்தது. மற்ற தூண் அதைப் பார்த்துவிட்டுத் தானும் படுத்தது. மேலே இருந்த நீளப் பலகை மட்டும் கீழே விழாமல், கோழியின் முதுகில் வந்து பொத்தென்று உட்கார்ந்தது. தார்ப்பாய்க் கொக்கி ஒன்று அதை அழகாகப் பிடித்தும் கொண்டது. கோழி அப்போதும் அசையவில்லை.

"நிறுத்து! நிறுத்து!" என்று கத்தினேன். மயில்சாமியின் காதில் துண்டு மூன்று சுற்று. அவன் பஸ் ஸ்டாண்டுவரை நிறுத்தவில்லை. இப்படியாக, 'தங்கள் வரவு நல்வரவாகுக, மேற்பார்வை: ஓவர்சியர் மணியன்' என்ற பலகையை முதுகில் சுமந்துகொண்டு கோழி ஊருக்குள் போனது. ஜனங்கள் இரண்டு பக்கமும் நின்று கைதட்டினார்கள். வள்ளியாத்தாள் என்ற தயிர்க்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டார். கமலவேணி குடத்தோடு தண்ணீர்க் குழாயடியில் நின்றிருந்தாள். என் பெயரைப் படித்தாள், என் முகத்தைப் பார்த்தாள், குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

நான் வண்டியிலிருந்து குதித்து வளைவுக்கு ஓடினேன். தூணின் அடியில் நான்கு அடி ஆழ அஸ்திவாரம் இல்லை. ஒரு பழைய தார் டிரம், அதில் பாதி மணல், அதில் செருகிய குழாய், சுற்றிலும் ஒப்புக்கு ஒரு வரிசைச் செங்கல். அவ்வளவுதான். டேப்பை எடுத்து இரண்டு டிரம் இருந்த இடத்துக்கும் நடுவே அளந்தேன். பதினெட்டு அடி இல்லை. பன்னிரண்டே முக்கால்.

மணி எட்டரை. இன்னும் கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இந்த வழியாகத்தான் வருவார்கள். தினமும் வந்தார்கள். ஆடிக் காற்றுக்கு இன்னும் மூன்று வாரம்தான். அங்கேயே செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஊரில் உள்ள போல்ட்டு எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்தவன், என் பெயர் எழுதிய தூணை ஒரு தடவை கை வைத்துத் தள்ளிப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

செயல் அலுவலர் மொபெட்டில் வந்து இறங்கினார். டிரம்மைப் பார்த்தார், அதைப் பார்க்காததுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மணியன், உங்க பையில இருக்கற மெமோ ஞாபகம் இருக்குதா?"

"இருக்குதுங்க சார்."

"லாரி அதிவேகமா வந்து மோதுச்சுன்னு ரிப்போர்ட் எழுதுங்க. கோழிக்கு அனுமதி மறுப்பு. பட்டறைக்காரன் மேலயும் கடைக்காரன் மேலயும் கேஸ். உங்க வேலை தப்பிச்சுது" என்று சொல்லி, தன் பேனாவைத் திறந்து நீட்டினார். அதே பேனா.

கவுண்டரும் ஜான் பாஷாவும் பின்னாலேயே ஓடி வந்து நின்றிருந்தார்கள். ஜான் பாஷா மட்டும், "எழுதுங்க சார். உங்களுக்குப் பொண்டாட்டி இருக்குது. நாங்க பாத்துக்கறோம்" என்றார். அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை எழுதியிருப்பேன்.

பையிலிருந்து என் பேனாவை எடுத்தேன். கவுண்டர் முதுகைக் காட்டிக் குனிந்தார். அதன் மேல் காகிதத்தை வைத்து எழுதினேன்: 'மேற்படி கோழி மணிக்கு அறுபது கிலோமீட்டர் காற்றுக்கு முன்பக்கமும் விலாப்பக்கமும் அசையவில்லை. மேற்படி கோழி நடக்கிற வேகத்தில் வால் நுனியால் தொட்டதில் பேரூராட்சி வளைவு விழுந்தது. வளைவுக்கு அஸ்திவாரம் இல்லை. அதற்குக் கையெழுத்துப் போட்டவன் நான். பார்க்காமல் போட்டேன். கோழியை நிறுத்த அனுமதிக்கிறேன்.'

செயல் அலுவலர் அதை இரண்டு தடவை படித்தார். இதை மேலே அனுப்பினால் என் வேலை போகும். கூடவே டிரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், அவருடைய மச்சான் வருவார், மச்சானுக்குப் பின்னால் அவரே வருவார். காகிதத்தை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த ஐந்து நிமிஷம்தான் என் உத்தியோகத்திலேயே நீளமான நேரம்.

கடைசியில் ரிப்போர்ட் அவர் மேஜையின் கீழ் இழுப்பறைக்குப் போனது. எனக்கு ஒரு புது உத்தரவு வந்தது. ஒரு வருஷத்துக்கு இன்கிரிமென்ட் நிறுத்தம். காரணம்: அலுவலக அனுமதி இல்லாமல் கோழியுடன் ஊர்வலம் சென்றது. அதைப் படித்துக் காட்டியபோது கமலவேணி முதலில் அழுதாள், அப்புறம் சிரித்தாள், அப்புறம் எது சரி என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

வளைவை ஜான் பாஷாவையே மறுபடி கட்டச் சொன்னேன். நான்கு அடிக் குழிக்குள் நானே இறங்கி அளந்தேன். புது வளைவுக்கு இரட்டை நட்டு, குறுக்கு முட்டு எல்லாம் உண்டு. மட்கார்டு வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். ஆனாலும் தூணுக்கு இரண்டாக நான்கு சிவப்பு ரிஃப்ளெக்டர் வைத்துவிட்டார். ஊருக்குள் வருகிற லாரிகள் அதைப் பார்த்து, முன்னால் வேறு லாரி நிற்கிறது என்று நினைத்து, இன்றைக்கும் ஹாரன் அடிக்கின்றன. ஊர்க்காரர்களின் கோபம் அதனால்தான்.

ஆனி இருபத்தாறில் கோழி கடை மேல் ஏறியது. ஆடி ஏழாம் தேதி அந்த வருஷத்துப் பெருங்காற்று வந்தது. பிற்பகல் மூன்று மணிக்குக் கொல்லிமலை கண்ணுக்குத் தெரியாதபடி புழுதி எழும்பியது. கடைவீதியில் ஓலைக் கீற்றும் சாக்கும் பறந்தன. சோடாக் கடைக்காரர் தன் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். பேரூராட்சி அலுவலகத்தின் சொந்தப் பெயர்ப்பலகை கழன்று செயல் அலுவலரின் மொபெட் மேல் விழுந்ததாகவும் ஒருவர் கத்திக்கொண்டு ஓடினார். நல்லவேளை, அது என் காலத்துக்கு முந்திய பலகை.

நானும் கமலவேணியும் அப்போது காய் வாங்க வந்திருந்தோம். வழக்கம்போல அவள் கடை ஓரம், நான் நடு ரோடு. ஜனமெல்லாம் ஒதுங்க இடம் தேடி ஓடியது. நான் நடு ரோட்டிலிருந்து இறங்கி, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராகப் பஸ் ஸ்டாண்டு முனைக்குப் போனேன். கோழியின் அலகுக்கு நேர் கீழே போய் நின்றேன்.

மேலே காற்று ஓட்டைகளில் புகுந்து விசிலடித்தது. மட்கார்டுகள் படபடவென்று அடித்துக்கொண்டன. கடைக்குள்ளிருந்து கவுண்டர் எட்டிப் பார்த்து, "உள்ள வாங்க சாமி, உள்ள வாங்க!" என்று கூப்பிட்டார்.

கமலவேணி அண்ணாந்து பார்த்துவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஐயோ, வாங்க போயிரலாம். நமக்கு நடு ரோடே போதும்."

"பேசாம நில்லு" என்றேன். "இதுல நான் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."